ராஜாவின் கடிதமும் குறிக்கப்பட்ட காலமும்

தியானப் பகுதி: நெகேமியா 2:1-9, 13:6,7





கடந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்தபின், நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னருகே வந்து நின்றார். நம் உதவிப் போதகருடைய ஐந்து ஆண்டு விசா வருகிற ஜனவரியில் நிறைவடைகிறது என்பதை அன்றுதான் சபையார் அறிந்திருந்தீர்கள். "ஐயா, கர்த்தர் அழைத்து வந்த ஊழியக்காரரை இன்ன தேதியோடு புறப்படு என்று சொல்ல ஒரு காகிதத்துக்கு அதிகாரம் உண்டா?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன. அந்த இடத்தில் என்னால் தகுந்த பதில் சொல்லக் கூடவில்லை. ஒரு வாரம் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வேதத்தையும் சரித்திரத்தையும் புரட்டினேன். கண்டவற்றை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

சூசான் அரண்மனையில் ஒரு விண்ணப்பம்

நெகேமியாவின் புத்தகத்தை நாம் அலங்கம் கட்டப்பட்ட கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அலங்கத்தின் முதற்கல் வைக்கப்படுமுன் நடந்ததை இம்முறை நின்று கவனியுங்கள். எருசலேமின் நிலையைக் கேட்டு அழுது, உபவாசித்து, ஜெபித்த அந்த மனிதன் ராஜ சமுகத்தில் நின்றபோது, அர்தசஷ்டா ராஜா அவனிடம் இரண்டு காரியங்களைக் கேட்டறிந்தான். பிரயாணத்துக்கு எவ்வளவு காலம் ஆகும்? எப்பொழுது திரும்பி வருவாய்? நெகேமியா ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னான். ராஜாவும் சம்மதித்தான். அதன் பின் நதிக்கு அப்புறத்திலுள்ள தேசாதிபதிகள் தன்னை வழிவிட்டு அனுப்பும்படி கடிதங்களையும், வனக் காவலாளனாகிய ஆசாப் மரங்களைக் கொடுக்கும்படி வேறொரு கடிதத்தையும் நெகேமியா கேட்டுப் பெற்றான்.

காலம் குறிக்கப்பட்ட அனுமதி, எல்லை கடக்க ஒரு கடிதம், வேலைக்குரிய பொருள்களுக்கு ஒரு கடிதம். இன்றைய சொல்லில் சொன்னால், தேவனுடைய ஊழியத்தைச் செய்யப் புறப்பட்ட அந்த மனிதன் தற்காலிகப் பணி விசாவில் பயணம் செய்தான். அழைப்பு பரலோகத்திலிருந்து வந்தது. கடிதமோ சூசானிலிருந்து வந்தது. இரண்டையும் அவன் அசட்டை செய்யவில்லை. அர்தசஷ்டாவின் இருபதாம் ஆண்டில் புறப்பட்டவன், முப்பத்திரண்டாம் ஆண்டில், சொன்ன சொல் தவறாமல் ராஜாவினிடத்தில் திரும்பினான் என்று பதின்மூன்றாம் அதிகாரம் சாட்சியிடுகிறது. சில நாட்களுக்குப் பின் மறுபடியும் உத்தரவு கேட்டு எருசலேமுக்கு வந்தான். அவன் இல்லாத வேளையில் ஆலயத்தில் நேர்ந்த சீர்கேடுகளையும் அதே அதிகாரம் மறைக்காமல் சொல்லுகிறது. மேய்ப்பன் தூரத்தில் இருக்கும் காலம் மந்தைக்கு ஆபத்தான காலம் என்பதை வேதம் நன்கு அறியும்.

போதகரை அழைத்ததற்காக ஆயிரம் டாலர்

இனி நாம் வாழும் இந்த அமெரிக்க தேசத்தின் சரித்திரத்துக்கு வருவோம்.

1885 ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாட்டிலிருந்து தொழிலாளரை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, பயணச் செலவைக் கொடுத்து இறக்குமதி செய்வதை அது தடை செய்தது. உள்நாட்டுத் தொழிலாளரின் கூலியைக் குறைப்பதற்காகச் சில முதலாளிகள் கப்பல் கப்பலாக ஏழைகளை வரவழைத்தார்கள் என்பதே அதற்குக் காரணம். ஆனால் சட்டத்தின் வாசகம் "எவ்வித உழைப்பும் ஊழியமும்" என்னும் பொருளில் மிக விரிவாக அமைந்துவிட்டது. மேடை நடிகர், கலைஞர், சொற்பொழிவாளர், பாடகர், வீட்டு வேலைக்காரர் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. போதகருக்கு விலக்கு எழுதப்படவில்லை.

1887 செப்டம்பரில் நியூயார்க் நகரத்துப் பரிசுத்த திரித்துவ ஆலயம், இங்கிலாந்தில் இருந்த வால்போல் வாரன் என்னும் குருவானவரைத் தன் சபைக்குப் போதகராக வரும்படி ஒப்பந்தம் செய்தது. அவரும் வந்தார். அரசாங்கம் சபையின்மேல் வழக்குத் தொடுத்தது. சட்டம் விதித்த அபராதம் ஆயிரம் டாலர். கீழ் நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தைப் பார்த்துச் சபைக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. இதற்கிடையில் 1891 இல் காங்கிரஸே சட்டத்தைத் திருத்தி, போதகர்களுக்கு விலக்கு அளித்தது. ஆயினும் நிலுவையிலிருந்த இந்த வழக்குக்கு அது உதவவில்லை.

1892 பிப்ரவரி 29 அன்று தீர்ப்பு வந்தது. ஒருமனதான அத்தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் டேவிட் ஜோசையா புரூவர். அவர் எங்கே பிறந்தவர் தெரியுமா? வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளில் ஒன்றாக நாம் வாசிக்கிற அந்தச் சிமிர்னா பட்டணத்தில்! 1837 இல், அங்கே மிஷனெரியாகப் பணிபுரிந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். வேறொரு தேசத்தில், வேறொரு ராஜாவின் தயவில் ஊழியம் செய்த குடும்பத்தின் பிள்ளை, அந்நிய நாட்டுப் போதகர் ஒருவருடைய வழக்கைத் தீர்க்கும் ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.

ஒரு காரியம் சட்டத்தின் எழுத்துக்குள் அடங்கியிருந்தாலும், சட்டத்தின் ஆவிக்குள்ளும் அதை இயற்றியவர்களின் நோக்கத்துக்குள்ளும் அடங்காவிட்டால், அது சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்பதே அவர் கண்ட முடிவு. அதை விளக்க ஒரு கற்பனையையும் முன்வைத்தார். ரோமன் கத்தோலிக்க சபை கர்தினால் மேனிங்கையோ, பாப்திஸ்து சபை ஸ்பர்ஜனையோ, ஒரு யூத ஜெப ஆலயம் சிறந்த ரபீ ஒருவரையோ அழைத்தால் அது குற்றம் என்று ஒரு மசோதா வந்திருந்தால், காங்கிரஸில் ஒரு வாக்காவது அதற்குக் கிடைத்திருக்குமா என்று கேட்டார். இதில் உள்ளத்தைத் தொடும் ஒன்று உண்டு. அவர் பெயர் சொன்ன மேனிங் 1892 ஜனவரி 14 அன்றும், ஸ்பர்ஜன் அதே ஜனவரி 31 அன்றும் மரித்துப்போனார்கள். எந்த ராஜாவின் கடிதமும் தேவைப்படாத தேசத்துக்கு அவர்கள் போய்விட்ட பின்புதான் இந்தத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

தீர்ப்பின் மறுபக்கம்

அன்பானவர்களே, இத்தீர்ப்பைச் சபைகள் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வது உண்டு. இது ஒரு கிறிஸ்தவ தேசம் என்று புரூவர் அதில் எழுதியதே அதற்குக் காரணம். நானும் இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் அதை அப்படியே பாராட்டியிருக்கிறேன். இப்பொழுது வாசிக்கும்போது என் மனம் ஓரிடத்தில் உறுத்துகிறது.

கையால் உழைக்கிறவனைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம், அறிவால் உழைக்கிறவனைத் தடுப்பது அல்ல என்பது அத்தீர்ப்பின் ஆதாரங்களில் ஒன்று. அப்படியானால் பவுல் அப்போஸ்தலன் எந்த வரிசையில் நிற்பார்? கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடாரம் பண்ணித் தன் கைகளால் பாடுபட்டவர் அல்லவா அவர்? நாசரேத்தூரில் தச்சன் என்று அழைக்கப்பட்டவரை எந்த வரிசையில் நிறுத்துவது? போதகருக்குக் கதவு திறந்த அதே காலத்தில் எத்தனையோ கூலியாட்களுக்கு அது சாத்தப்பட்டது. 1882 முதல் சீனத் தொழிலாளருக்கு இத்தேசத்தின் வாசல் அடைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு வந்த அதே 1892 இல் அந்தத் தடை நீட்டிக்கப்பட்டு, இங்கே வாழ்ந்த சீனத் தொழிலாளர் எப்பொழுதும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. நம்முடைய கதவு திறந்ததற்காக ஸ்தோத்திரம் சொல்லும்போது, பக்கத்துக் கதவருகே நிற்கிறவனை மறந்துவிடக்கூடாது.

நம் இந்தியரின் கதையும் இதனோடு இணைந்ததே. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட மண்டலமாக அறிவித்தது. இந்தியா அதற்குள் இருந்தது. அதிலும் போதகர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் விலக்கு இருந்தது. ஆனால் 1923 இல் பகத் சிங் திந்த் என்பவருடைய வழக்கில், இந்தியர் இத்தேசத்தின் குடிகளாக முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. இந்தியப் போதகர் பிரசங்க பீடத்தில் ஏறலாம், குடியுரிமையோ கேட்கக்கூடாது. 1946 இல்தான் அந்தக் கதவு சிறிது திறந்தது. அப்பொழுதும் ஆண்டுக்கு 100 பேருக்கு மாத்திரமே இடம்.

ஆர்-1 என்னும் கதவு

இப்பொழுது நாம் கையில் வைத்திருக்கும் விசா 1990 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. மூத்த ஜார்ஜ் புஷ் அவ்வாண்டு நவம்பர் 29 அன்று கையொப்பமிட்ட அச்சட்டம், மதப் பணியாளருக்கென்றே ஆர் என்னும் தற்காலிக விசாப் பிரிவை ஏற்படுத்தியது. அதில் வருகிறவர்கள் நம்மைப்போன்ற போதகர்கள் மாத்திரமல்ல. கன்னியாஸ்திரீகளும் துறவிகளும், கோவில் அர்ச்சகரும் மசூதியின் இமாமும் ஜெப ஆலயத்தின் ரபீயும் இதே கதவின் வழியாகவே வருகிறார்கள். வருகிறவர் தம் சபைப் பிரிவில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். மொத்தம் ஐந்து ஆண்டுகள் தங்கலாம்.

2008 நவம்பரில் விதிகள் இறுகின. அழைக்கும் சபை முதலில் அரசாங்கத்திடம் மனுச் செய்து அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், முதல் அனுமதி 30 மாதங்களுக்கு மேற்படாது என்றும், அதிகாரிகள் சபைக்கு நேரில் வந்து சோதிக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டு முடிந்தவர் ஓராண்டு இத்தேசத்துக்கு வெளியே இருந்த பின்பே இதே விசாவில் திரும்பி வர முடியும் என்ற விதி 2026 ஜனவரி வரை இருந்தது. விசாவில் வந்தவருடைய மனைவி சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. போதகரும் சபைக்கு வெளியே வேலை செய்து தம்மைத் தாங்கிக்கொள்ள முடியாது. கூடாரம் பண்ணிய பவுல் இன்று இந்த விசாவில் வந்திருந்தால், கொரிந்துவின் முதல் வாரத்திலேயே விதியை மீறியிருப்பார்.

இந்த இறுக்கத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால், தலைகுனிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 2006 இல் அரசாங்கம் மதப் பணியாளருக்கான நிரந்தரக் குடியுரிமை மனுக்களில் சிலவற்றை எடுத்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்று மோசடி என்று கண்டது. பெயருக்கு ஒரு சபை, காகிதத்தில் ஒரு போதகர், இல்லாத ஓர் ஊழியம். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்கும் என்று பேதுரு எழுதியதை நான் அப்பொழுது நினைத்துக்கொண்டேன். பொய்க் கடிதம் எழுதிய சபைகள் இருந்தபடியால், மெய்க் கடிதம் எழுதும் சபைகளின் வாசலில் இன்று அதிகாரி நிற்கிறார். அவரை நொந்துகொள்ள நமக்கு உரிமை குறைவு.

வரிசை நீண்ட கதை

நிரந்தரமாகத் தங்க விரும்பும் மதப் பணியாளர் நிற்க வேண்டிய வரிசைக்கு இ.பி.-4 என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 இடங்களே அதற்கு உண்டு. பல ஆண்டுகள் அது விரைவாகவே நகர்ந்தது. 2023 ஏப்ரலில் கணக்கிடும் முறை மாற்றப்பட்டது. எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளுக்குத் தனியாக இருந்த வரிசை பொது வரிசையோடு சேர்க்கப்பட்டது. அன்று முதல் எல்லாரும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2025 நிதியாண்டுக்குரிய இடங்களோ பிப்ரவரி மாத முடிவுக்குள்ளாகவே தீர்ந்துவிட்டன. ஐந்து ஆண்டு விசா முடிவதற்குள் அந்த வரிசையின் முனையை எட்ட முடியாமல் போதகர்களும் குருக்களும் புறப்பட்டுப் போகிறார்கள். காத்திருக்கும் பணியாளரின் விசாவை ஐந்து ஆண்டுக்கு மேலும் நீட்டிக்க வழிசெய்யும் மசோதா ஒன்று, இரு கட்சியினரின் ஆதரவோடு 2025 ஏப்ரலில் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. அதற்காக ஜெபியுங்கள். உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். நெகேமியா ஜெபித்தான், கேட்டும் பெற்றான்.

அந்த வரிசையில் நமக்கு முன்னே நிற்கிறவர்கள் யார் என்பதையும் நீங்கள் அறியவேண்டும். அவர்களில் மிகுதியானோர் தாய் அல்லது தகப்பனால் கைவிடப்பட்ட, கொடுமைப்படுத்தப்பட்ட பிள்ளைகள். நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடி அந்த வரிசைக்கு வந்தவர்கள். "அவர்களால்தான் நம் போதகருக்கு இடமில்லை" என்று நம்மில் ஒருவரும் சொல்லவேண்டாம். சிறுபிள்ளையை நடுவில் நிறுத்தியவருடைய சீஷர்கள் நாம். அந்தப் பிள்ளைகளை விலக்கிவிட்டுத்தான் எனக்கு இடம் வேண்டும் என்று எந்த உண்மையான மேய்ப்பனும் கேட்கமாட்டான். இடங்கள் பெருகவேண்டும் என்று கேட்போம். பிள்ளைகள் விலகவேண்டும் என்று கேளாதிருப்போம்.

ஓர் அறிக்கை

இதுவரை ராஜாக்களையும் நீதிபதிகளையும் பற்றிச் சொன்னேன். இனி என்னைப்பற்றியும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் உதவிப் போதகர் 2021 ஜனவரியில் வந்தார். அவ்வாண்டிலேயே அவருக்கு நிரந்தரக் குடியுரிமை மனுவைச் சபை தாக்கல் செய்திருக்கலாம். தம்பி ஒருமுறை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதும் உண்டு. "அவசரம் என்ன? இரண்டு வருஷம் போகட்டும், சபையார் பார்க்கட்டும்" என்று சொன்னவன் நான்தான். கமிட்டியும் என் சொல்லை ஏற்றது. மனு 2023 கோடையில் போனது. அதற்குள் வரிசை மாறிவிட்டது. அன்று நான் விவேகம் என்று எண்ணியதன் உள்ளே, ஒரு மனிதன் என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறான் என்ற மிதப்பும் கலந்திருந்ததோ என்று இப்பொழுது என்னையே கேட்கிறேன். இந்த விசா பணியாளரை அழைத்த சபையோடு கட்டிவைக்கிறது. கட்டின் மறுமுனை நம் கையில் இருக்கிறது. அதை எப்படிப் பிடித்தோம் என்பதற்கு நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தம்பியிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். இன்று சபையாராகிய உங்களிடமும் கேட்கிறேன்.

அந்தத் தாயாருக்குப் பதில்

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காகிதத்துக்கு அதிகாரம் உண்டா? உண்டு. அது எவ்வளவு என்பதை நம் சொந்தச் சரித்திரம் சொல்லுகிறது.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் அனுப்புதல் அவருக்கு இருந்தது. ஆயினும் அந்தக் கோட்டையின் தளபதியே 1708 இல் அவரைச் சிறையில் அடைத்து நான்கு மாதங்கள் வைத்தான். ராஜாவின் கடிதம் அவரைச் சிறைக்குத் தப்புவிக்கவில்லை. சிறை அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவும் இல்லை. 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1820 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு அச்சுப்பணிக்காக வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரை, அப்போது இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தங்கவிடாமல் வெளியேற்றினார். அவர் பம்பாய்க்குப் போய் அங்கிருந்த மிஷன் அச்சகத்தில் பணி செய்தார். யாழ்ப்பாணம் இழந்தது, பம்பாய் பெற்றது. இழந்தவர்களுடைய துக்கம் பொய்யல்ல. பெற்றவர்களுடைய ஸ்தோத்திரமும் பொய்யல்ல.

ஆகவே காகிதம் ஒரு மனிதனின் தங்கும் காலத்தைக் குறிக்கலாம். அவனுடைய அழைப்பின் காலத்தைக் குறிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம் நடக்கும். அதில் நான் மூன்று காரியங்களைக் கேட்கப்போகிறேன். முதலாவது, தம்பியின் குடும்பம் ஊரில் இருக்கும் காலம் முழுவதும் அவருடைய சம்பளம் குறையாமல் அனுப்பப்படவேண்டும். இரண்டாவது, அந்த இடத்தை வேறொருவரைக் கொண்டு நிரப்பாமல் காத்திருந்து, அவர் திரும்பி வருவதற்குரிய மனுவை ஒரு நாளும் தாமதியாமல் ஆயத்தப்படுத்த வேண்டும். மூன்றாவது, வாலிபர் கூடுகையையும் ஓய்வுநாள் பள்ளியையும் அவர் இல்லாத நாட்களில் தாங்க உங்களில் நால்வர் முன்வரவேண்டும். நெகேமியா சூசானில் இருந்த நாட்களில் எருசலேமுக்கு நேர்ந்தது நமக்கு நேரக்கூடாது.

அர்தசஷ்டா கேட்ட கேள்வி ஒவ்வொரு விசுவாசியிடமும் கேட்கப்படுகிறது. எவ்வளவு காலம்? எப்பொழுது திரும்புவாய்? பூமியின்மேல் நாம் யாவரும் அந்நியரும் பரதேசிகளும் என்று எபிரெய நிருபம் சொல்லுகிறது. குடியுரிமை பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல. குறிக்கப்பட்ட காலத்துக்குள் அலங்கம் எழும்பினதா என்பதே கடைசியில் கேட்கப்படும்.

ஜெபம்: பரம தகப்பனே, ராஜாக்களின் இருதயத்தை நீர்க்கால்களைப் போலத் திருப்புகிறவரே, உம்முடைய ஊழியருடைய போக்கையும் வரத்தையும் காத்தருளும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை ஆதரியும். எங்கள் தாமதங்களை மன்னியும். எங்களுக்குக் குறிக்கப்பட்ட நாட்களை எண்ணி உழைக்க ஞானம் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்